ஒருவர் தொட, ஒருவர் தாங்க

பொருநைப் பல்கலைக்கழகத்தில் விண்மண் அறிமுகம் என்ற விருப்பப் பாடத்தைத் தனியாளாக எடுக்க முடியாது. கூட ஒரு ஆள் வேண்டும்.

மற்ற அறிமுகப் பாடங்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. பறவைக் குரல்கள், கடற்பாசி வேளாண்மை, பழைய சட்டங்கள் என்று எதை வேண்டுமானாலும் ஒருவர் தம் பாட்டுக்கு எடுத்துப் படித்துவிட்டுப் போகலாம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கென்று இரண்டாம் பட்டத் திட்டம் வந்த பிறகு, முதல் பருவத்தில் ஆளுக்கொரு விருப்பப் பாடம் என்பது விதி. பெரும்பாலானவர்கள் சாயங்காலம் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பத் தோதான பாடமாகப் பார்த்து எடுத்தார்கள். காந்திமதி மட்டும் சேர்ந்த அன்றைக்கே விண்மண்ணுக்குப் பெயர் கொடுத்தாள்.

அந்தப் பாடத்தை நடத்துகிறவர் மீரான். முப்பது வயது இருந்தால் அதிகம். தம்பி என்று வாய்வரைக்கும் வந்ததைக் காந்திமதி விழுங்கிக்கொண்டு, சார் என்றாள். அவரும் எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறி, அம்மா என்பதில் வந்து நின்றார்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற ஒரு சிறுகோளில் எந்திரக் கை ஒன்று இறங்கியிருப்பதாக அவர் சொன்னார். அந்தக் கை அங்கே மண்ணைத் தொட்டால், தொட்ட உணர்வு இங்கே மாணவரின் விரலுக்கு வரும். குளிரும் சொரசொரப்பும் மட்டுமல்ல. அந்த மண் எதனால் ஆனது, எத்தனை காலமாக அங்கே கிடக்கிறது என்று கருவிகள் அளப்பதெல்லாம்கூட உணர்வாகவே வந்து சேரும். ஒரு மூளை அதைத் தாங்காது. ஆரம்பத்தில் தனியாக முயன்றவர்கள் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அதனால் பிடரியில் பட்டை கட்டி இரண்டு பேரை இணைத்துவிடுவது வழக்கமாயிற்று.

"பெரிய அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இறக்குவீங்கல்லாம்மா, அது மாதிரிதான். ஒருத்தர் தொடுவாங்க. இன்னொருத்தர் பாரத்தைத் தாங்குவாங்க. ஆனா ரெண்டு பேர் மனசும் ஒரே தாளத்துல ஓடணும். இல்லைன்னா அண்டா சாஞ்சிரும்" என்றார் மீரான்.

காந்திமதியின் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையில் அவள் கூடப் போவாள். குழாய் வழியே முதன்முதலாக மேலே பொங்கி வரும் சேற்றில் கை வைப்பது அவள்தான். உலகம் உண்டானதிலிருந்து இந்த மண்ணை ஒருவரும் தொட்டதில்லை, நீதான் முதல் ஆள் என்று அப்பா சொல்வார். மண்ணைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள். ஆனால் கல்யாணம் செய்துவைத்தார்கள். அதன்பிறகு அவள் தொட்டதெல்லாம் அரிசிமாவும் புளியும்தான். இப்போது நாற்பத்து மூன்று வயதில் வானத்துக்கு அப்பாலிருந்து ஒரு மண் அவள் விரலுக்கு வரக் காத்திருக்கிறது. கூட ஒரு ஆள் மட்டும் கிடைத்தால் போதும்.

கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரோடு சோதனைப் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். அவள் தலைவலியோடு எழுந்தாள், அவர் தண்ணீர் கேட்டார். பாளையங்கோட்டையிலிருந்து வந்து படிக்கும் ஒரு கன்னியாஸ்திரீ பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். கடைசியில் தன் கணவரையே அழைத்து வந்தாள். நில அளவையாளரோடு இருந்த பொருத்தம்கூட அவரோடு இல்லை. மீரான் சங்கடப்பட்டு, இது எல்லா வீட்டிலும் சகஜம்தான் என்றார். கணவர் அதற்கு, இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு பெரிய எந்திரம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே பேருந்தில் ஏறினார்.

அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒருத்தியை. அவளும் அதே பல்கலைக்கழகத்தில்தான் சேர்ந்திருந்தாள். அவளும் விண்மண்ணுக்குத்தான் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கும் ஜோடி கிடைக்கவில்லை. அவள் காந்திமதியின் ஓரகத்தி நறுமுகை, அதாவது கொழுந்தனின் மனைவி.

நறுமுகை அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினெட்டு வருடமாகிறது. அவள் ஒரு தப்பும் செய்ததில்லை. அதுதான் காந்திமதிக்குத் தாங்க முடியாதது. வாரம் முழுக்கக் காந்திமதி சமைப்பதை மாமியார் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஞாயிற்றுக்கிழமை நறுமுகை தேங்காய்ப்பால் சொதி வைத்தால், இன்றைக்குத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்பார். நறுமுகைக்குச் சட்டென்று கண் கலங்கும், வீடே ஓடி வரும். காந்திமதிக்கு அழுகை வராது, ஆகவே யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. ஒரே அடுப்பங்கரையில் முதுகுக்கு முதுகு நின்று வேலை பார்க்கையில், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே காந்திமதி அவளைப் பார்ப்பாள். அவள் கொண்டை முடிகிற விதம், சிரிப்பதற்கு முன்னால் கழுத்தைச் சாய்க்கிற விதம், வெளிக்கதவின் கொண்டியை அவள் போடுகிற சத்தம் எல்லாம் காந்திமதிக்கு மனப்பாடம். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் சந்தோஷமாக வருகிறாளா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சந்தோஷமாக வருகிறாள் என்றால் அன்று முழுக்க மனசுக்குள் ஒரு நெருஞ்சி முள் கிடக்கும்.

பல்கலைக்கழக விஷயம் எல்லாவற்றுக்கும் மேலே போயிற்று. காந்திமதி நுழைவுத் தேர்வுக்காக மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாமல் படித்தாள். உலை கொதிக்கிற நேரத்திலும் மாவு அரைபடுகிற நேரத்திலும் படித்தாள். தேர்வு நெருங்கியபோதுதான் வீட்டில் சொன்னாள். மறுநாள் காலை நறுமுகை வந்து, நானும் எழுதட்டுமா அக்கா என்று கேட்டாள். எழுதினாள். காந்திமதியைவிட நிறையவே மேலே வந்தாள். மாமியார் தெருவுக்கெல்லாம் அல்வா கொடுத்து, சின்ன மருமகள் மார்க்கைச் சொல்லி முடித்த பிறகு, பெரியவளும் பாஸ்தான் என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டார்.

எனக்கென்று ஒன்றை எடுத்தால் அதிலும் இவளா என்று காந்திமதிக்கு நெஞ்சு கொதித்தது. இடம் ஒதுக்கும் பட்டியல் வருவதற்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கோயிலுக்குப் போனாள். தன் பெயரே கொண்ட அம்மன் சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றி, நறுமுகைக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். தனக்கு நல்லது கேட்டு எத்தனையோ விளக்கு ஏற்றியிருக்கிறாள். இன்னொருத்திக்குக் கேடு கேட்டு ஏற்றியது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பிரகாரத்தில் கால் கூசியது.

இருவருக்குமே இடம் கிடைத்தது.

காந்திமதியின் கணவர் வீட்டுக்குப் போய்த் தன் பொருத்தமின்மையை நகைச்சுவையாகச் சொல்லப்போக, மறுநாள் நறுமுகை நேராகச் சோதனை அறைக்கே வந்து நின்றாள். தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மீரான் பக்கத்திலிருந்தார். காந்திமதியால் மறுக்க முடியவில்லை.

பட்டையைக் கட்டிக் கொஞ்ச நேரத்தில் மீரான் எழுந்து எந்திரத்தின் பின்பக்கம் போய் இணைப்புகளைச் சரிபார்த்தார். மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். ஒரே சூலில் பிறந்த இரட்டையர்களுக்குக்கூட இப்படிப் பொருத்தம் வந்ததில்லை என்றார்.

"ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்களா?"

"ஓரகத்திக" என்றாள் நறுமுகை.

அவர் அதை நல்ல நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார். பிறகு நிஜம் என்று தெரிந்து சிரிப்பை நிறுத்தினார். அப்போதுதான் அவர் அந்த எச்சரிக்கையைச் சொன்னது.

"இது சோதனைப் பட்டை. தாளத்தை மட்டும்தான் பார்க்கும். வகுப்புல கட்டுறது வேற. அதுல நினைப்பும் கொஞ்சம் கசியும். ஒளிச்சு வச்சிருக்கிறதுதான் முதல்ல கசியும். போன வருஷம் ரெண்டு தோழிங்க வந்தாங்க, பள்ளிக்கூடத்துலேருந்து சிநேகிதம். பாதி வகுப்புல ஒருத்தங்க பட்டையைக் கழட்டி வச்சிட்டு எழுந்து போனாங்க. என்ன பார்த்தாங்கன்னு இன்னொருத்தங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யோசிச்சுக்கிடுங்க."

நறுமுகை சட்டென்று தரையைப் பார்த்தாள். காந்திமதி அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை விளக்கு குபுகுபுவென்று எரிந்துகொண்டிருந்தது.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருந்தது. அதற்குள் மனசைக் கழுவிவிடலாம் என்று காந்திமதி நம்பினாள். வீட்டுப் பாத்திரம் கழுவுவது போலத்தானே என்று நினைத்தாள். நல்லது செய்தால் பொறாமை போகும் என்று கேட்டிருந்தாள். சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கி வந்து, நறுமுகைக்குப் பிடித்த மாதிரி எண்ணெய்க் குழம்பு வைத்தாள். நறுமுகை பூரித்துப்போய் வீடு முழுக்கச் சொன்னாள். மாமியார் கேட்டுவிட்டு, ஒரு கத்தரிக்காய்க்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே, சின்னவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார். சமைத்தவளுக்கு வர வேண்டிய நல்ல பெயரும் சாப்பிட்டவளுக்கே போய்ச் சேர்ந்தது. அன்று இரவு முள் முன்னைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

கோயிலுக்குப் போனாள். அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் மனசைச் சுத்தமாக்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. போன தடவை கேட்டதைக் கேட்ட அதே வாயல்லவா இது. ஒன்றும் கேட்காமல் குங்குமம் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கடைசியில் மீரானைத் தேடிப் போய், பறவைக் குரல்கள் அறிமுகத்துக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாறலாம், இன்றைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார் அவர். பிறகு, கேட்காத ஒன்றையும் சொன்னார். காந்திமதி விலகினால் நறுமுகைக்கும் ஜோடி இருக்காது. அவளும் இந்தப் பாடத்தைப் படிக்க முடியாது.

அந்தச் சொல் ஒரு கணம் இனித்தது. நாக்கில் படும் வெல்லத்தைப் போல அவ்வளவு தெளிவாக இனித்தது. விளக்கேற்றிக் கேட்டது இதோ கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. தன் ஆசையைத் தானே வெட்டிக்கொண்டால், கூடவே அவள் ஆசையும் விழும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அது இனித்தது என்பதை உணர்ந்ததும் காந்திமதிக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தெய்வம் சில நேரம் நாம் கேட்டதை நம் முன்னால் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்கும்.

"இல்ல சார், மாத்த வேண்டாம்" என்றாள். "ரெண்டு பேரும் வாரோம்."

வகுப்பறை சின்னது. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு மேசை, மேசையின் மேல் மெல்லிய கையுறை ஒன்று. உறை ஒன்றுதான். மீரான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பட்டைகளைக் கையில் கொடுத்து, நான் சொல்லும்போது கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காந்திமதி பட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முகை, இதைக் கட்டுததுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அது தானா கசிஞ்சு உனக்குத் தெரியுததைவிட, நான் என் வாயால சொன்னதா இருக்கட்டும்."

"என்னக்கா?"

"உனக்கு இடம் கிடைக்கக் கூடாதுன்னு அம்மனுக்கு விளக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை."

நறுமுகை பட்டையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். எதற்கெடுத்தாலும் கலங்குகிற கண் அன்று வறண்டு கிடந்தது. அதைப் பார்த்த காந்திமதி, அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். போனால் அதுவும் நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

"நான் வெள்ளிக்கிழமை போனேன்க்கா" என்றாள் நறுமுகை.

"எங்க?"

"அதே சந்நிதிக்குத்தான். அதே வேண்டுதலுக்குத்தான். உங்களுக்குக் கிடைச்சிரக் கூடாதுன்னு."

காந்திமதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், உனக்கு என்மேல் என்ன என்று கேட்டாள். கேட்டதில் கோபமில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"என் மக வயசுக்கு வந்ததை யார்கிட்ட முதல்ல சொன்னா? பெரியம்மாகிட்ட. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். என்னைத் தாண்டி உங்ககிட்ட வந்து சொன்னா. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அன்னையிலேருந்து உங்க காலடிச் சத்தம் கேட்டாலே எனக்கு எரியும். எந்தக் காலை முதல்ல வைப்பீங்கன்னுகூடத் தெரியும். அத்தைக்குக் காய்ச்சல்னா வாயில வாரது காந்திங்கிற பேர்தான். சொதியை மட்டும்தான் என்கிட்ட கேப்பாவ. நீங்க பரீட்சை எழுதப் போறேன்னு சொன்னதும், இதுலயும் முந்திருவாங்களேன்னு இருந்துச்சு. அதான் எழுதினேன். எனக்கு மண்ணும் தெரியாது, விண்ணும் தெரியாது. படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் பிடிச்சுப் போச்சு."

காந்திமதி மெதுவாகச் சொன்னாள், அம்மன் ரெண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை என்று. கேட்டிருந்தால் இந்நேரம் ரெண்டு பேரும் வீட்டில் உளுந்து அரைத்துக்கொண்டிருப்போம் என்றாள் நறுமுகை. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. கேட்டதைக் கொடுக்கிற தெய்வத்தைப் பெரிய தெய்வம் என்கிறோம். கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற தெய்வம் அதைவிடப் பெரியது.

சிரிப்புச் சத்தம் கேட்டு மீரான் எட்டிப் பார்த்தார். நறுமுகை அவரிடம், உங்கள் எந்திரத்தில் ஏதோ பழுது இருக்கிறது, இத்தனை வருஷம் வயிறெரிந்த இரண்டு பேருக்கு எப்படித் தாளம் ஒத்துப்போகும் என்று கேட்டாள்.

"பழுதெல்லாம் இல்லம்மா" என்றார் அவர். "அது பிரியத்தை அளக்காது. கவனத்தைத்தான் அளக்கும். வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் விடாம கவனிச்சிருந்தா தாளம் ஒண்ணாப் போயிரும். எதுக்காகக் கவனிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது."

அதற்கு மேல் பேச நேரமில்லை என்றார். எந்திரக் கை அங்கே மண்ணைத் தொட்டாகிவிட்டது. அந்த உணர்வு வந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு வேகமாக வந்தாலும் அவ்வளவு தூரம் கடக்க வேண்டுமே. அது வந்து சேருவதற்குள் இருவரில் ஒருவர் உறையை மாட்டியிருக்க வேண்டும். பாறை நிழலில் இதுவரை எதுவும் பட்டிராத இடம் அது. முதல் தொடுதல் ஒருவருக்குத்தான். தாங்குகிறவருக்குப் பாரம் மட்டும்தான் வரும், தொட்ட உணர்வு வராது. பிறகு எத்தனை முறை தொட்டாலும் அது ஏற்கெனவே தொட்ட மண். யார் என்று முடிவு செய்துகொண்டு பட்டையைக் கட்டச் சொன்னார்.

முடிவு செய்யாமலே கட்டிக்கொண்டார்கள்.

முதலில் பிடரியில் ஈரத்துணி வைத்தது போல ஒரு குளிர்ச்சி. பிறகு அறையில் இன்னொருவர் நுழைந்துவிட்டது போல ஓர் உணர்வு. காந்திமதி தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, நீ உறையைப் போட்டுக்கொள் என்றாள்.

"பொய்க்கா" என்றாள் நறுமுகை.

காந்திமதிக்கு முகம் சுட்டது. உள்ளே ஆசை கொழுந்துவிட்டு எரிந்ததை ஒளிக்க இடமில்லை. நறுமுகை, சரி, நீங்களே தொடுங்கள் என்றாள். அந்தச் சொல்லுக்கு அடியிலும் ஓர் எரிச்சல் நெளிந்ததைக் காந்திமதி உணர்ந்தாள். தன்னுடையது போலவே இருந்தது. இவளுடையது எது, தன்னுடையது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"உன்னதும் பொய்தான், ஏட்டி."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து மீரான் கையைக் காட்டி அவசரப்படுத்தினார்.

காந்திமதி உறையை எடுத்துத் தன் விரலில் பாதி நுழைத்தாள். அப்போதுதான் நறுமுகையிடமிருந்து அது கசிந்து வந்தது. ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. அடுத்த அறையில் ஒரு பெண்பிள்ளையின் தணிந்த குரல் வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அம்மா என்று கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று கதவைப் பற்றியபடி காத்திருக்கிற கை. அவள் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு அந்த அறைக்குள் பெரியம்மாவாக உட்கார்ந்து, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் காந்திமதி. கதவின் இந்தப் பக்கம் இவ்வளவு பாரம் இருந்தது என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

உறையைக் கழற்றினாள். எழுந்து மேசையைச் சுற்றிப் போய் நறுமுகையின் கையைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாக உறைக்குள் நுழைத்துவிட்டாள். மணிக்கட்டில் இழுத்துச் சரிசெய்தாள். தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, அண்டாவைப் பிடிப்பது போல மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"நீ தொடு. நான் தாங்குதேன்."

இந்த முறை நறுமுகை பொய் என்று சொல்லவில்லை. அக்கா சொல்வது மெய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காந்திமதிக்கே அது தெரிய இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.